சனி, ஞாயிறில் ஒரு பழைய கார்

15 வயதை நெருங்கிய கார் ஒன்று விற்பனைக்கு வரும்போது, அதன் கதை முழுவதையும் அறிந்தவர் விற்பவர் ஒருவரே. எந்த மழையில் அது முழங்கால் தண்ணீரில் நின்றது, எந்த மேம்பாலத்தின் மேல் சூடேறி மூச்சை நிறுத்தியது, முன்பக்க மட்கார்டு எப்போது மாற்றப்பட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாங்க வந்தவர் கண்ணுக்குத் தெரிவது பாலிஷ் போட்டுத் துடைத்த டேஷ்போர்டும், தெருமுனை வரை ஓட்டிப் பார்த்த அனுபவமும்தான்.

பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் இந்த இடைவெளியைப் பற்றித்தான் ஒரு கட்டுரை எழுதினார். எடுத்துக்காட்டாக அவர் எடுத்துக்கொண்டது பழைய கார் சந்தை. நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, நடுவாந்தரமான ஒரு விலையைத்தான் அவர் தரத் துணிவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது; அவர் விற்காமல் ஒதுங்கிவிடுவார். சந்தையில் எஞ்சும் வண்டிகளின் தரம் மேலும் இறங்கும். இதுதான் அவருடைய வாதம். மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த அந்தக் கட்டுரை, 2001-ல் அவரை நோபல் பரிசு வரை கொண்டுபோனது.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளியை அடைக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு நண்பரின் தலையில் விழுகிறது. அலுவலகத்திலோ தெருவிலோ ‘வண்டி தெரிஞ்ச ஆள்’ என்று பெயரெடுத்தவர் அவர். வாங்குபவருக்கும் அவருக்கும் விடுமுறை வாரக்கடைசியில்தான் என்பதால், பார்ப்பதும் பேசுவதும் முடிவெடுப்பதும் சனி, ஞாயிறுக்குள் நடந்தாக வேண்டும். அந்த இரண்டு நாட்கள் போதுமானவையே. பழைய காரை நம்ப முடியாததாக ஆக்குவதில் வயதைவிட, வெளியே சொல்லப்படாத வரலாற்றுக்குப் பங்கு அதிகம். குறைகள் அத்தனையும் தெரிந்துவிட்ட 20 வயது வண்டியைச் சமாளித்து ஓட்டலாம். தெரியாத ஒரே குறை 8 வயது வண்டியையும் திண்டிவனம் தாண்டி நடுச்சாலையில் நிறுத்திவிடும். எனவே அந்த வரலாற்றைக் கிளறி எடுப்பதுதான் உடன் போகும் நண்பரின் வேலை. நல்ல விலைக்குப் பேசி முடிப்பது அதற்குப் பிறகு வருவது.

எந்த வண்டி, எதற்காக

தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவருக்கும், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போய்வர நினைப்பவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது. தினசரி ஓட்டத்துக்கு ஏ.சி.யும், நெரிசலில் சூடேறாத என்ஜினும் வேண்டும். எப்போதாவது எடுப்பவருக்கு பேட்டரியும் பெட்ரோல் டேங்கின் துருவும்தான் தலைவலி. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் வண்டி பார்க்கக் கிளம்பினால், முதலில் கண்ணில் படும் சிவப்பு நிற வண்டியில் மனம் போய் ஒட்டிக்கொள்ளும்.

பழைய வண்டியைப் பொறுத்தவரை, அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்குச் சமமான கேள்வி, நின்றுபோனால் எவ்வளவு சீக்கிரம் கிளப்பலாம் என்பது. இதில் மாருதி 800-க்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரிக்கப்பட்ட அந்த 796 சி.சி., மூன்று சிலிண்டர் வண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இருக்க முடியாது. பழைய கார்புரேட்டர் வண்டிக்கும், பின்னால் வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கும் வேறுபாடு உண்டு. தினமும் ஓட்ட நினைப்பவர் பின்னதைத் தேடுவது நல்லது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோவும் இதே வரிசையில் நிற்கிறது. தயாரித்த நிறுவனம் இன்னும் அதே இடத்தில் இயங்குகிறது என்பது உதிரிபாகம் தேடுபவருக்குப் பெரிய தெம்பு.

தயாரித்தவர் கடையைக் கட்டிவிட்ட வண்டிகளின் நிலை வேறு. தேவூ நிறுவனத்தின் சியலோ, மேட்டிஸ், ஜெனரல் மோட்டார்ஸின் ஓப்பல், செவர்லே வண்டிகள் ஓட்டுவதற்கு இனிமையானவை. சாலையில் போகும் கனமும் உறுதியும் அவற்றில் கூடுதல். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் ஐகான் தயாரித்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. இவற்றின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அடிக்கடி தேயும் பிரேக் பேடு, ஃபில்டர் போன்றவை வெளிநிறுவனத் தயாரிப்பில் கிடைத்துவிடும். ஹெட்லைட் கூடு, கண்ணாடி, சென்சார், ஏ.சி. கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவை உடைந்தால், சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்துப்போட்ட வண்டிகளுக்கு நடுவே தேட வேண்டிவரும். தேடினால் கிடைக்கலாம், அதுவரை வண்டி நிற்கும்.

அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் ஆசைக்காகத் தேடுபவர்கள் உண்டு. அந்த ஆசை மதிக்கத்தக்கது. இவை எளிய இயந்திரங்கள், பழுதைக் கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்ய முடிந்தவை. 2014-ல் உத்தர்பாரா ஆலை நிற்கும் வரை அம்பாசடர் உருண்டுகொண்டிருந்ததால் அதன் பாகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் இவற்றில் தேர்ந்த கைகள் முதுமையடைந்துவருகின்றன. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருக்கும் பத்மினியை ஒழுங்காகச் சீரமைக்கத் தெரிந்த மெக்கானிக்கை முதலில் கண்டுபிடித்துவிட்டு, பிறகு வண்டியைத் தேடுவதுதான் முறை.

வெள்ளிக்கிழமை இரவு: காகிதங்கள்

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பாதி உண்மையைத் தெரிந்துகொள்ளலாம். பதிவு எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டால், பதிவான தேதி, எரிபொருள், காப்பீடு முடியும் நாள், தகுதிச் சான்றின் காலம், கடன் அடமானம் ஆகியவை தெரியும். செல்பேசியில் விற்பவர் சொன்ன ஆண்டும் இங்கே காணும் ஆண்டும் ஒத்துப்போகாவிட்டால் சனிக்கிழமைப் பயணம் மிச்சம்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதை ‘எஃப்.சி. காட்டுவது’ என்பார்கள். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு அது 10,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. 14 ஆண்டு முடிந்த வண்டி சல்லிசாக வருகிறதென்றால், அந்தச் செலவும் அலைச்சலும் வாங்குபவர் தலையில் இறக்கிவைக்கப்படுகின்றன என்று அர்த்தம். விற்பவரே எஃப்.சி. காட்டித் தருவதாக ஒப்புக்கொண்டால் விலை சற்றுக் கூடினாலும் பாதகமில்லை.

ஆர்.சி.யில் உள்ள பெயரும் எதிரே நிற்பவரின் பெயரும் ஒன்றா என்பது அடுத்தது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அப்பா பெயரில் இருந்த வண்டி, அவர் காலமான பிறகு மகன் கையில் ஓடிக்கொண்டிருக்கும். படிவம் 31-உடன் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்து மகன் பெயருக்கு மாற்றாமல் அதை முறையாக விற்க முடியாது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் வாங்கியவர் மாட்டிக்கொள்வார். கடன் விஷயமும் இப்படித்தான். தவணை முழுவதையும் கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் ஆர்.சி.யில் ‘ஹைப்பாதிகேஷன்’ குறிப்பு அப்படியே இருக்கும். அதை நீக்க வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். கடன் கொடுத்த நிதி நிறுவனமே இன்று இல்லாமல் போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவது? அதை விற்பவர்தான் தீர்த்துத் தர வேண்டும். ‘நீங்க எடுத்துட்டுப் போங்க, நான் வாங்கித் தர்றேன்’ என்ற வாக்குறுதியை நம்பி முழுப்பணம் கொடுக்கலாகாது.

டெல்லியில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளையும் 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, அங்கிருந்து பெரிய வண்டிகள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. வெளிமாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, படிவம் 28, வேண்டும். இங்கே ஆயுள்கால வரியைப் புதிதாகக் கட்டி, புது எண்ணும் வாங்க வேண்டும். புதுச்சேரிப் பதிவு எண்ணுக்கும் இதே கதைதான். மலிவு என்று தோன்றிய விலையில் இந்த வரியைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

காப்பீட்டுப் பாலிசியைப் பலர் முடியும் தேதி பார்ப்பதோடு மூடிவிடுகிறார்கள். அதில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்றொரு வரி இருக்கும். எந்த இழப்பீடும் கோராத ஆண்டுகளுக்கு ஏற்ப அது 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறும். கோரினால் பூஜ்யத்துக்கு இறங்கும். 10 ஆண்டுகளாகச் சிறு கீறல்கூட இல்லை என்று விற்பவர் சொல்லும் வண்டியின் பாலிசியில் அது 20 என்று இருந்தால், அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. பாலிசி இடையில் அறுபட்டிருந்தாலும் போனஸ் போய்விடும் என்பதால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை, காரணத்தைக் கேட்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடியே கிடைக்கும் துப்புகளில் இதுவே மிகக் கூர்மையானது.

சனிக்கிழமை காலை: குளிர்ந்த என்ஜின்

வண்டியை வெயில் ஏறுவதற்கு முன், வெளிச்சம் வந்த பின் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த வண்டியில் பெயின்ட் வேறுபாடு தெரியாது. மாலை மங்கலிலும் தெரியாது. ‘நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போவதும், போனவுடன் பானெட்டில் கைவைத்துப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். தேய்ந்த என்ஜினும் பலவீனமான பேட்டரியும் குளிர்ந்த நிலையில்தான் தங்களைக் காட்டிக்கொடுக்கும். பானெட் சூடாக இருந்தால் யாரோ முன்பே கிளப்பிச் சமாளித்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் உடல். வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, பின்விளக்கிலிருந்து முன்விளக்கு வரை கண்ணை ஓட்டினால், பட்டி பார்த்த இடம் அலையாகத் தெரியும். பட்டி என்பது நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்திய பின் மேடுபள்ளத்தை நிரப்பும் மாவு. துணி சுற்றிய சிறு காந்தம் தகட்டில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது அல்லது வழுக்கும். கதவு, பானெட் பொருத்திய போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் பெயர்ந்திருந்தால் அவை கழற்றி மாட்டப்பட்டவை. கதவில் ஒரு பட்டி இருப்பதால் கார் கெட்டுப்போய்விடாது, சென்னையில் ஓடிய காரில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கவலைப்பட வேண்டியது ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டமும், என்ஜினின் இருபுறமும் ஓடும் நீள்சட்டங்களும் வெட்டி ஒட்டப்பட்டிருந்தால்தான். கம்பெனி வெல்டிங் சீரான புள்ளிகளாக இருக்கும். கை வெல்டிங் திட்டுத்திட்டாகத் தெரியும்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளுக்குத் துரு தனி எதிரி. கதவின் அடிவிளிம்பு, தரை விரிப்பின் அடி, ஸ்டெப்னி வைக்கும் குழி, சஸ்பென்ஷன் பொருந்தும் மேடை ஆகிய இடங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். என்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். துருவேறி இற்றுப்போன சட்டத்தை மாற்றுவது என்பது வேறொரு காரை வாங்குவதற்குச் சமம்.

வெள்ளம் பார்த்த வண்டியைக் கண்டுபிடிப்பதற்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையில் மூழ்கியவை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பகுதிகளில் மிதந்தவை, அதே மாதம் தூத்துக்குடி மாவட்டப் பெருமழையில் சிக்கியவை என்று அத்தகைய வண்டிகள் ஏராளம். சரிசெய்ய ஆகும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும். வண்டி பழைய இரும்பாக ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து அது துடைத்துக் காயவைக்கப்பட்டு மீண்டும் சாலைக்கு வரக்கூடும். அப்படிப்பட்ட வண்டி வாங்கிய வாரம் நன்றாகவே ஓடும். வயரிங் இணைப்புகளில் புகுந்த சேற்றுநீர் செம்பைப் பச்சை பூக்கவைக்கச் சில மாதங்கள் ஆகும். அதன் பிறகு ஒருநாள் வைப்பர் நிற்கும், ஒருநாள் ஹாரன் தானாக அலறும், ஒருநாள் என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியே செத்துப்போகும். எந்த மெக்கானிக்காலும் ஒரே தடவையில் இதைத் தீர்க்க முடியாது.

உட்புறத்தைக் கழுவுபவர் கைபடாத இடங்கள் சில உண்டு. சீட் பெல்ட்டை அதன் கடைசி வரை இழுத்தால், சுருளின் உள்ளே எப்போதும் சுற்றிக்கிடக்கும் பகுதியில் நீர்க்கறை கோடாகத் தெரியும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினால் தண்டவாளத்தில் துரு இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் ஸ்குருக்களின் தலையில் துருவும், வயர் கட்டுகளுக்கு நடுவே காய்ந்த மண்ணும் தென்படும். தரை விரிப்பின் அடியிலுள்ள பஞ்சை முகர்ந்தால் புழுக்க நாற்றம் வரும். பழைய வண்டிக்குள் புத்தம்புது விரிப்பும் தூக்கலான வாசனைத் திரவியமும் சேர்ந்து இருந்தால், காரணம் கேட்காமல் விடக் கூடாது.

பிறகு என்ஜின். ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்நிறத்தில் வழவழப்பு இருந்தால் கூலன்ட் ஆயிலோடு கலக்கிறது என்று பொருள். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். மிகக் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதத்தாலும் சிறிது அப்படித் தெரியும் என்பதால், ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்கலாம்.

இப்போது ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் சைலென்சருக்குப் பின்னால் நிற்க வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பிறகும் விடாமல் வரும் அடர்ந்த வெள்ளைப்புகை கூலன்ட் உள்ளே போவதைக் காட்டும். பெட்ரோல் வண்டியில் கரும்புகை எரிபொருள் அளவுக்கு மீறிப் போவதால் வருவது. அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய கோளாறு. ஓடும் என்ஜினின் ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது இயல்பு. குப்குப்பென்று புகை தள்ளினால் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்பார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கசிகிறது. ரீபோர் செலவு வாசலில் நிற்கிறது.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அதைக் குறைத்துவைப்பது எளிது. மிதிகளின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழுவழுப்பு, ஓட்டுநர் இருக்கையின் ஓரக் கிழிசல் ஆகியவை பொய் சொல்வது கடினம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்படும் 12 வயது வண்டி மூன்றாவது செட் டயரில் நின்றால் காரணம் கேட்க வேண்டும். டிராவல்ஸில் ஓடி, டி-போர்டிலிருந்து ஓன்-போர்டுக்கு மாற்றப்பட்ட வண்டிகளில் ஓட்டுநர் இருக்கைக்குச் சமமாகப் பின்னிருக்கையும் தேய்ந்திருக்கும். இண்டிகா, அம்பாசடர் தேடுபவர்கள் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

சாலையில்

அரை மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டம் எதையும் சொல்லாது. வாங்கப் போகிறவர் சிறிது நேரமும் நண்பர் சிறிது நேரமும் ஓட்டுவதுடன், இருவரும் மாறி மாறிப் பின்னிருக்கையிலும் அமர வேண்டும். பின்சக்கர பேரிங்கின் ரீங்காரம் அங்கேதான் கேட்கும். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஏ.சி.யை முதலில் அணைத்தும் பிறகு முழு வேகத்தில் போட்டும் ஓட்ட வேண்டும்.

ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து மெல்ல வட்டமடித்தால், சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்ஸில் மூட்டு தேய்ந்திருந்தால் டக் டக் என்று அடிக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் வரும் சத்தம் புஷ், லிங்க் ராடு போன்ற சிறு பாகங்களுடையது, பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கும்போது பல் கடிக்கும் ஓசை வந்தால் கியர்பாக்ஸ் பிரிக்க வேண்டியிருக்கும், அது பெரிய வேலை. நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்தினால், என்ஜின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. கிளட்ச் மாற்றுவதில் தயங்க வேண்டியதில்லை. அது தேயத்தான் செய்யும். விலையில் கழித்துக்கொண்டால் போதும்.

சென்னையின் மே மாத மதியத்தில் சிக்னலில் நிற்பதுதான் பழைய காருக்குக் கடைசித் தேர்வு. ஓட்டத்தின் முடிவில் ஏ.சி. போட்டபடியே நிழலில்லாத இடத்தில் 10 நிமிடம் நிறுத்திவைத்து வெப்ப மானியைக் கவனித்தால், ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, விசிறி தவறாமல் சுற்றுகிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு என்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கிளப்பிப் பார்க்க வேண்டும். காலையில் உடனே கிளம்பிய பல வண்டிகள் சூட்டில் இந்த இடத்தில்தான் அடம்பிடிக்கும்.

நண்பரின் இடம்

வாங்குபவர் ஏற்கெனவே பாதி மயங்கியிருப்பார். பிள்ளைகள் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் காட்சி அவர் மனதுக்குள் ஓடத் தொடங்கியிருக்கும். அதில் தவறில்லை, பலருக்கு அது வாழ்வின் முதல் கார், சேமிப்பில் பெரும்பங்கு. அதனால்தான் மயக்கமில்லாத இரண்டாவது ஜோடிக் கண்கள் வேண்டும். நண்பர் விற்பவர் முன்னிலையில் வண்டியைப் புகழவும் வேண்டாம், இழித்துப் பேசவும் வேண்டாம். கண்டதைச் செல்பேசியில் குறித்துக்கொண்டு, தெருமுனை டீக்கடைக்கு வந்த பிறகு பேசலாம். 15 ஆண்டு அந்தக் காரைப் பராமரித்தவரின் முகத்துக்கு நேரே அதை ஓட்டை என்று சொல்வது பேரத்துக்கும் உதவாது, பண்பும் ஆகாது. சர்வீஸ் ரசீதுகளை வரிசையாக எடுத்துவைத்து, ‘சில நாள் மூணாவது கியர் விழாது’ என்று தானாகவே சொல்லும் விற்பவரும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். அவர் விற்பது காரோடு சேர்ந்து அதன் வரலாற்றையும்.

முடிவு மட்டும் வாங்குபவருடையதாக இருக்க வேண்டும். ‘எடுத்துடு’ என்று நண்பர் சொல்லி, மூன்றாம் மாதம் என்ஜின் இறங்கினால் நட்பும் சேர்ந்து இறங்கும். என்ன பழுது, அதைச் சரிசெய்ய என்ன ஆகும், எது தெரியவில்லை என்ற மூன்றையும் அவர் சொன்னால் போதும்.

ஞாயிறு: மெக்கானிக்கும் பேரமும்

சனிக்கிழமை தேறிய வண்டியை ஞாயிறு காலை, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். ஞாயிறு அரைநாளாவது பட்டறை திறந்துவைத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, அவருடைய நேரத்துக்கு உரிய கூலியையும் கொடுக்க வேண்டும். இதற்கு மறுக்கும் விற்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வண்டியைத் தூக்கி அடிப்புறம் பார்ப்பதோடு, கம்ப்ரஷன் சோதனையும் செய்யச் சொல்லலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அளவுமானியைப் பொருத்திச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தெரியும். நல்ல பெட்ரோல் என்ஜினில் அது பொதுவாக 150 பி.எஸ்.ஐ.யை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்த எண்ணைக் காட்டிலும் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடுதான் முக்கியம். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால், அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடியும் அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. பேட்டரி முனைகளில் வோல்ட்மீட்டர் வைத்தால் என்ஜின் ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6, ஓடும்போது 14-ஐ ஒட்டி வர வேண்டும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள வண்டியில் ஸ்கேனர் மாட்டலாம். தவறுக் குறியீடு ஏதுமில்லை என்று அது காட்டுவதால் மட்டும் நிம்மதி கொள்ளக் கூடாது. குறியீடுகள் அன்று காலை அழிக்கப்பட்டிருந்தால், வண்டியின் சுயபரிசோதனைகள் பல முழுமையடையாமல் நிற்பதும் அதே திரையில் தெரியும்.

மாருதி 800, சான்ட்ரோ இரண்டிலும் டைமிங் பெல்ட் உண்டு. அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் குழாய்களுக்கும் இப்போது புதிய கவலை சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகள் பெரும்பாலும் அதற்காக வடிவமைக்கப்படாதவை. பழைய எரிபொருள் குழாய்கள், கார்புரேட்டர் வாஷர்கள், பம்பின் டயஃப்ரம் ஆகியவை ஊறி, வெடித்துக் கசிகின்றனவா என்று பார்க்காமல் விட்டால் அது தீவிபத்து வரை போகக்கூடிய குறை.

பேரம் இந்தப் பட்டியலிலிருந்து எழ வேண்டும். சந்தை விலையிலிருந்து உடனடியாகச் செய்தாக வேண்டிய வேலைகளின் செலவைக் கழித்தால் நியாயமான விலை கிடைக்கும். கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கு ஒதுக்கி, மீதியைத்தான் வண்டிக்குக் கொடுக்க வேண்டும். ஒரு லட்சம் வைத்திருப்பவர் ஒரு லட்சத்துக்கு வண்டி பார்ப்பதுதான் பழைய கார் வாங்குவோரிடம் மிகப் பரவலான தவறு. கன்சல்டிங் எனப்படும் பழைய கார் வியாபாரிகளிடம் வாங்கினால் பேச இடம் குறைவு. அவர்கள் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்குமான வித்தியாசத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியவர்கள். தனிநபர் தனிநபருக்கு விற்பதில் அந்த வரி இல்லை. பழைய வண்டி விற்கும் டீலர்கள் 2023 ஏப்ரல் முதல் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பதால், அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

கையெழுத்து

முன்பணம் சிறிதாகவும் எழுத்திலும் இருக்க வேண்டும். வண்டி எண், பேசிய விலை, மீதி கொடுக்கும் நாள், காகிதங்கள் சரியில்லாவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற நிபந்தனை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். மீதியை வங்கி வழியாகக் கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு. ஒரே பரிமாற்றத்தில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதப்பட வேண்டும். அந்த நிமிடத்துக்கு முந்தைய இ-சலான்களும் விபத்துகளும் விற்றவருடையவை, பிந்தியவை வாங்கியவருடையவை என்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. விற்றவரின் ஃபாஸ்டேக் அன்றே நீக்கப்பட வேண்டும்.

படிவம் 29-ம் 30-ம் கையெழுத்தாகிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் அவற்றை டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் ஆர்.சி.யில் பெயருள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவுபடுத்தியது. எனவே பெயர் மாற்றத்தில் வாங்குபவரைவிட விற்பவருக்கே அக்கறை கூடுதலாக இருக்க வேண்டும். காப்பீட்டில் மூன்றாம் நபர் பாதுகாப்பு சட்டப்படி வண்டியோடு தானாகவே வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பெயரை மாற்ற வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால், வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டிவரும்.

முதல் மாதத்தில், பழைய ரசீது எதுவாக இருந்தாலும், என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டர்கள், டைமிங் பெல்ட், ஃபேன் பெல்ட் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுத் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவைக்க வேண்டும். ஐந்து, ஆறு ஆண்டைத் தாண்டிய டயரில் பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். அதையும் இந்தச் செலவிலேயே சேர்த்துக்கொள்வது உயிருக்கு நல்லது. முதல் 500 கிலோமீட்டரை வீட்டைச் சுற்றியே ஓட்டி, தினமும் காலையில் ஆயில் அளவுக் கம்பியையும் கூலன்ட் பாட்டிலையும் தரையில் சொட்டியிருக்கும் கறையையும் பார்த்துவர வேண்டும். இவற்றில் எதுவும் குறையாமல், கூடாமல் நின்றால், அதன் பிறகு வெளியூர்ப் பயணத்துக்கு வண்டியை எடுக்கலாம்.